பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கேள்

(திருப்பதியில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் சித்தூர் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்வி பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கோ" என்று செயலாளர் கூப்பிட்டார். முப்பத்துநாலு வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தே பழகியவனுக்குப் பத்து நிமிஷம் தொண்டையைக் கனைக்கத்தான் போதும். காபி ஆறிப்போனால் பொறுப்பு அவருடையது.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் நாலாவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. நம் உறுப்பினர்களின் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் இலவச டியூஷன், அதற்கு ஒரு ஆசிரியரை அமர்த்தி மாதச் சம்பளம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு மாற்றாக ஒன்று சொல்லத்தான் சித்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்கிறேன். எதிர்க்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1980களின் நடுவில் ஒரு நாள். இன்டர் முதல் வருஷம், எம்.பி.சி. வகுப்பு. வட்டப்பாதை இயக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். திருமலை மலைப்பாதையில் பஸ் வளையும்போது நாம் வெளிப்பக்கமாகச் சாய்கிறோமே, அதை உதாரணமாகச் சொல்லிவிட்டு, கரும்பலகை பக்கம் திரும்பிச் சூத்திரம் எழுத ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் குசுகுசுவென்று பேச்சு. நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை, "வெளியே போங்கள்" என்றேன். போனார்கள்.

வகுப்பறைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்றுகொண்டு மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னல் பக்கம் நான் நடந்தபோது காதில் விழுந்தது. சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை. பஸ் விஷயம்தான்! ஒருவன் சொல்கிறான், வெளிப்பக்கம் தள்ளுகிற விசை ஒன்று இருக்கிறது, நாம்தான் சாய்கிறோமே என்று. இன்னொருவன், "எவரூ தொய்யட்லேது", யாரும் தள்ளவில்லை, நாம் நேராகப் போகப் பார்க்கிறோம், பஸ்தான் நமக்குக் கீழே திரும்புகிறது என்கிறான். முதலாமவன் விடவில்லை. அப்போது இரண்டாமவன் தன் சட்டையின் முதுகைக் காட்டினான். மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழையில் வந்திருக்கிறான் போலிருக்கிறது, முதுகில் நெடுக ஒரு சேற்றுக் கோடு. "வெளிப்பக்கமாகத் தள்ளுகிற விசை இருந்தால் சேறு சக்கரத்திலிருந்து நேராக வெளியே, பின்னால் போகிறவன்மேல் அல்லவா தெறிக்க வேண்டும்? என் முதுகில் ஏன் ஏறுகிறது? சக்கரம் அந்த இடத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகத் தொடுகோட்டில் போவதால்தானே?"

என் நோட்டில் அந்த உதாரணம் கிடையாது. எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் அவன் எடுக்கவில்லை. சிநேகிதன் ஒத்துக்கொள்ளாததால், அவனை ஒத்துக்கொள்ள வைக்க, தன் முதுகிலிருந்தே ஒரு சாட்சியைத் தேடி எடுத்தான். நான் பாட்டுக்குச் சூத்திரத்தை எழுதி முடித்திருந்தால் அந்தச் சாட்சி வந்தே இருக்காது.

அவர்களை அப்போதே உள்ளே கூப்பிட்டு வகுப்பு முழுவதற்கும் சொல்ல வைத்திருக்க வேண்டும். கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதற்கப்புறமும் பல வருஷம் அதே பாடத்தை அதே நோட்டை வைத்துக்கொண்டு நடத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதான பிறகு பொய் சொல்லி என்ன பிரயோஜனம்?

இது எனக்கு மட்டும் வந்த வியாதியில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பௌதிகப் பேராசிரியர். நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களே பாராட்டுவார்களாம். 1990 வாக்கில் அவர் வகுப்பில் சாதாரணக் கேள்விகளாக ஒரு பரீட்சை வைத்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்கிற மாதிரி. நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிப்பவர்கள்தான், கடினமான கணக்கெல்லாம் போடுபவர்கள்தான், இதில் தடுமாறினார்கள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, இல்லை நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாளாம். ஒரு ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய அடி உண்டா? சொல்லிக்கொடுத்தது ஒரு அறையிலும் நினைப்பு இன்னொரு அறையிலும் குடியிருக்கின்றன. நடுவில் கதவே இல்லை.

பலகையில் எவ்வளவு விளக்கியும் புரியாததால் ஒரு நாள் அவர், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். சில நிமிஷத்தில் அவர்களே தெளிந்துவிட்டார்கள். பிறகு அதையே முறையாக்கினார். ஒரு கேள்வி, முதலில் தனித்தனியாகப் பதில், அப்புறம் பக்கத்தில் இருப்பவரை ஒத்துக்கொள்ள வைக்க முயற்சி, மறுபடி பதில். 1997-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். இதற்குக் காரணம் எளிது. புதிதாகப் புரிந்துகொண்டவனுக்குத் தான் எங்கே இடறினோம் என்பது நினைவிருக்கும். முப்பது வருஷம் முன்னால் புரிந்துகொண்ட எனக்கு அது மறந்துபோய்விட்டது.

நம்மவர்களுக்கு இது புதிதா என்றால், இல்லை. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. ஸம்ஸ்க்ருதத்திலும் இப்படி ஒரு பழைய பாகப்பிரிவினை உண்டு. குருவிடம் கால், சொந்த புத்தியால் கால், ஸப்ரஹ்மசாரிகளிடம், அதாவது சக மாணவர்களிடம் கால், மீதி காலம் கொடுப்பது. இரண்டு கணக்கிலும் வாத்தியாருக்குக் கால் பங்குக்குமேல் கிடையாது. நாம் டியூஷனுக்குக் கொடுக்கிற பணமெல்லாம் அந்தக் கால் பங்குக்குத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூட்டமாக உட்கார வைத்துவிட்டால் மட்டும் சிந்தனை வந்துவிடாது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த பையன் இளையவர்களுக்குச் சொல்லிவைப்பான். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆண்கள் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்க் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அமைத்தார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் வெளியிட, இங்கிலாந்து முழுக்க 'மெட்ராஸ் முறை' என்று பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் இன்றும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பெருமைப்படலாம். ஆனால் அந்த முறையில் சட்டாம்பிள்ளை வாத்தியாரின் நிழல்தான். அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் பாடம். ஏன் என்று கேட்க அங்கே இடமில்லை.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்றால், இந்த ஊரிலேயே இருக்கிறது. 1961-ல் தொடங்கி, 2020-ல் தேசிய ஸம்ஸ்க்ருதப் பல்கலைக்கழகம் ஆகியிருக்கிற வித்யாபீடத்தில் வாக்யார்த்த ஸபை பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். எனக்கு ந்யாயம் தெரியாது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாதம் செய்வதைச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். பாஷை பாதிதான் புரிந்தது, ஆனால் ஒழுங்கு புரிந்தது. முதலில் பூர்வபக்ஷம். எதிராளியின் கட்சியை, அவனே கேட்டுத் தலையாட்டும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மறுக்கலாம், அப்புறம்தான் ஸித்தாந்தம். ந்யாய சூத்திரத்தில் விவாதத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல் அடுத்தவன் சொன்னதை உடைப்பதையே வேலையாக வைத்துக்கொள்வது விதண்டா. நம் ஆத்துக் குழந்தை ஏதாவது ஏன் என்று கேட்டால் உடனே, "விதண்டாவாதம் பண்ணாதே" என்கிறோம். பாவம், அது செய்தது முதலாவது வகை. நாம் கொடுத்தது மூன்றாவது பட்டம்.

சின்னக் குழந்தைகளுக்கு இதெல்லாம் சரிப்படுமா என்பவர்களுக்கு மதனப்பள்ளிப் பக்கத்தைக் காட்டுவேன். 2022-ல் மாவட்டங்களைப் பிரிக்கும் வரை அது நம் சித்தூர் மாவட்டம்தான். ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். அவர் பெயரோடு சேர்ந்த ரிஷிவேலிப் பள்ளியை எல்லோருக்கும் தெரியும், கட்டணம் கட்டிப் படிக்கிற இடம். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் 1980களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்த சின்னச் சின்னப் பள்ளிகளைப் பற்றித்தான் அதிகம் பேருக்குத் தெரியாது. 1990களில் ஒரு நண்பரோடு அப்படி ஒன்றைப் பார்க்கப் போனேன். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வயதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயது வரை குழந்தைகள். சுவரில் ஏணி மாதிரி ஒரு படம். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு, அட்டை சொல்கிற குழுவில் போய் உட்காருகிறது. ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு பாதி அவர் துணையோடு, ஒன்று சக குழந்தைகளோடு, ஒன்று தனியாக.

ஒரு எட்டு வயதுப் பெண் சின்னப் பையன் ஒருவனுக்குக் கழித்தல் கணக்கில் உதவி செய்துகொண்டிருந்தாள். அவன் தப்பாகச் சொன்னான். என் கை துறுதுறுத்தது, விடையைச் சொல்லிவிடலாமா என்று. அவள் சொல்லவில்லை. புளியங்கொட்டைகளை அவன் பக்கம் தள்ளி, "மறுபடி எண்ணு" என்றாள். முப்பத்துநாலு வருஷத்தில் எனக்கு வராத பொறுமை!

இந்த ஏணியும் அட்டையும்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போய், விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் செயல்வழிக் கற்றலாகி, சில வருஷங்களில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் பரவிற்று. அங்கே பிறகு திட்டங்கள் மாறிவிட்டன. அட்டையைப் பரப்புவது சுலபம், அந்தப் பெண்ணின் பொறுமையைப் பரப்புவது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு? என் பேத்தி இன்டர் படிக்கிறாள், விடுதியோடு சேர்ந்த ஒரு கல்லூரியில். வாரம் ஒரு பரீட்சை, சுவரில் ரேங்க் பட்டியல். சங்கராந்தி லீவுக்கு வந்தபோது, கூடப் படிக்கிறவர்களோடு சேர்ந்து கணக்குப் போடுவாயா என்று சாதாரணமாகக் கேட்டேன். "அவளுக்குச் சொல்லிக்கொடுத்தா என் ரேங்க் போயிடும் தாத்தா" என்றாள். கெட்ட குழந்தை இல்லை. பாதி முறுக்கைத் தம்பிக்கு ஒடித்துக் கொடுத்துக்கொண்டேதான் இதைச் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பையன்களை வெளியே அனுப்பினேனே, அந்த மாதிரி வாத்தியார்கள் எத்தனையோ பேர் சேர்ந்து வளர்த்த பயிர் என் வீட்டிலேயே விளைந்திருக்கிறது.

தனியாகப் படித்தால் என்ன நஷ்டம்? 1970களில் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர் ஒரு விஷயத்தை ஆராய்ந்தார். கறுப்பின மாணவர்கள் பலர் கால்குலஸில் தோற்கிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்கிறார்கள், ஏன்? முயற்சி போதவில்லை, குடும்பத்தில் ஆதரவில்லை என்றெல்லாம் ஆசிரியர்கள் அனுமானித்தார்கள். அவர் மாணவர்கள் இருக்கும் இடத்துக்கே போய், மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தார். தோற்றவர்கள் சோம்பேறிகள் இல்லை, ஒழுங்காகப் படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். மற்றவர்கள் தனியாகப் போட்ட கணக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாகக் கூடி ஒப்பிட்டார்கள், ஒருவர் தப்பை ஒருவர் பிடித்தார்கள். சின்னப் பள்ளியில் தன் கையே தனக்குதவி என்று ஜெயித்து வந்த பழக்கம்தான் பெரிய இடத்தில் காலை வாரிவிட்டது. கடினமான கணக்குகளைக் கூடிப் போடும் குழுக்களை அவர் ஏற்படுத்திய பிறகு நிலைமை நன்றாக மாறிற்று. நாளைக்கு நம் குழந்தை புனேயிலோ பாஸ்டனிலோ ஹாஸ்டல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரப் போகிறதே, அதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சங்கராந்திக்குப் பிறகு சித்தூரில் என் வீட்டுக் கூடத்தில் ஞாயிறு காலை ஆறு குழந்தைகளை உட்கார வைத்தேன். எல்லாம் நம் சங்கத்துக் குழந்தைகள். முதல் மாதம் பெரிய தோல்வி. ஒரு பையன் மட்டும் பேசுவான், மற்ற ஐந்து பேர் எழுதிக்கொள்வார்கள். எனக்குப் பதில் ஒரு குட்டி வாத்தியார், அவ்வளவுதான். பிறகு இரண்டு சட்டம் கொண்டுவந்தேன். முதல் ஐந்து நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, தனித்தனியாகத் தாளில் எழுத வேண்டும். அதற்கப்புறம், ஒருவரை மறுக்க வேண்டுமானால் அவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் மறுப்பு. வாக்யார்த்த ஸபையிலிருந்து திருடியதுதான். இந்த இரண்டாவது சட்டத்தில் குட்டி வாத்தியார் அடங்கிப்போனார். அடுத்தவர் சொன்னதை அவர் காதில் வாங்கியதே இல்லை என்பது வெளியே வந்துவிட்டது. அதுவரை வாய் திறக்காத ஒரு பெண்தான் மற்றவர் கட்சியை மிக நன்றாகச் சொன்னாள். இத்தனை நாளும் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டு பெற்றோர் குழந்தையை நிறுத்திவிட்டார்கள். "இரண்டு மணி நேரத்தில் மூணு கணக்குதானா?" என்றார்கள். உண்மைதான். சில நாள் இரண்டுதான்.

அடுத்த தோல்விதான் முக்கியம். ஏப்ரல் மாசம், சித்தூர் வெயில் உங்களுக்குத் தெரியும். ஒரு கேள்வி கொடுத்தேன். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் மின்விசிறி அரை மணி ஓடினால் அறையின் உஷ்ணநிலை என்ன ஆகும்? எழுதினார்கள், பேசினார்கள், சட்டப்படி திருப்பிச் சொன்னார்கள், எல்லோரும் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குறையும். சுத்தத் தப்பு! அவ்வளவு அழகாக விவாதித்து, அவ்வளவு ஒற்றுமையாகத் தப்பு செய்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி பள்ளி, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறவர்கள். ஒருவருக்காவது சந்தேகம் வர வழியில்லை. நான் விடையைச் சொல்லவில்லை. புளியங்கொட்டைப் பெண் நினைவுக்கு வந்தாள்.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவரின் மகன், எங்கள் ஆத்து விசிறியைச் சரிசெய்து கொடுக்க வந்தான். தெலுங்குப் பையன், அரசுப் பள்ளியில் பத்தாவது. உட்காரச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "விசிறி ஓடினால் மோட்டார் கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூடு அறையைவிட்டு எங்கே போகும்?" என்றான். கூடத்தில் ஒரே அமளி. காற்று படும்போது ஜில்லென்று இருக்கிறதே என்று ஒருத்தி. வேர்வை உலர்வதால் உடம்புக்கு ஜில்லென்று இருக்கிறது, சுவருக்கு வேர்க்குமா என்று இன்னொருத்தி. அதுவரை வாராதது அன்று பத்து நிமிஷத்தில் வந்தது. ஆணியில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி, கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே வந்து அரை மணி காத்திருந்தோம். பாதரசம் ஒரு கோடுகூட இறங்கவில்லை.

இப்போது அந்தப் பையன் ஞாயிறுதோறும் வருகிறான், தன் சிநேகிதர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. தமிழும் தெலுங்குமாகச் சண்டை நடக்கிறது. இங்கிலீஷில் மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தெலுங்கில் சொல்லச் சொன்னால், புரிந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடுகிறது. அது எனக்குக் கிடைத்த உபரி லாபம்.

இனி நாலாவது தீர்மானம். முதலில் அதைக் கொண்டுவந்தவர்களின் கட்சியை நானே சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். போட்டி கடுமையாக இருக்கிறது. நம் குழந்தைகளுக்கு மார்க்கைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. நம்மில் வசதி இல்லாத குடும்பங்கள் உண்டு, கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாது. சங்கப் பணம் உறுப்பினர் கொடுத்தது, உறுப்பினர் குழந்தைக்குத்தான் முதல் உரிமை. ஆசிரியர் இல்லாமல் குழந்தைகள் கூடினால் அரட்டைதான் மிஞ்சும். செயலாளர் தலையாட்டுகிறார். சரி, இதில் பெரும்பகுதி நியாயம். வசதியில்லாத குழந்தைக்குப் புத்தகத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் கட்டாயம் கொடுங்கள். ஆசிரியரும் வேண்டும், ஆறு பேரும் சேர்ந்து தப்பு செய்யும்போது கேள்வி கேட்க ஒரு பெரியவர் அவசியம். ஆனால் அதற்குச் சம்பளம் வேண்டாம். இந்தக் கூடத்திலேயே ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்களும் வங்கி அதிகாரிகளும் எத்தனை பேர் இருக்கிறோம்! விடையைச் சொல்லாமல் இருக்க மட்டும் கற்றுக்கொண்டால் போதும். அது லேசு இல்லை, நான் சொல்கிறேன்.

நான் கேட்பது இரண்டுதான். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இந்தக் கூடத்தின் சாவி. வாசலில், உறுப்பினர் குழந்தைகளுக்கு மட்டும் என்று எழுதாத ஒரு பலகை. இரண்டாவதில் உங்களில் சிலருக்குச் சங்கடம் இருக்கும், தெரியும். என் ஆத்துக்காரிக்கே முதலில் இருந்தது. ஓட்டுக்கு விடுவதற்கு முன் யாராவது எழுந்து என் கட்சியைத் திருப்பிச் சொல்லி, அப்புறம் மறுத்தால் சந்தோஷப்படுவேன்.

வருகிற ஞாயிறு சித்தூருக்கு வந்து பார்க்கிறவர்கள் எனக்கு ஒரு போன் போடுங்கள். கேள்வி என்னவென்று இப்போதே சொல்லமாட்டேன். தெர்மாமீட்டர் இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.